அவசர மருத்துவம் எடுக்கலாமா? பயிற்சி, பிற்காலம் பற்றிச் சொல்லுங்கள்

இளம்மருத்துவன்:
எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். எல்லாப் பிரிவிலும் சுற்றி வந்ததில் மனசு ஒட்டியது எமர்ஜென்சியில் மட்டும்தான். மேற்படிப்புக்கு அதையே எடுக்க ஆசை, வீட்டில் சம்மதமில்லை. "சொந்தமாக கிளினிக் வைக்க முடியாது, ஐம்பது வயசிலும் நைட் டியூட்டி பார்ப்பாயாடா?" என்கிறார் அப்பா. உடன் படித்தவர்களோ, அதில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், எதுவும் முழுசாகத் தெரியாது என்கிறார்கள். பயிற்சி எப்படி இருக்கும்? எங்கே சேருவது என்று எதை வைத்து முடிவெடுப்பது?

மயக்கவியல்காரி:
நோயாளி குணமாகி வீட்டுக்குப் போகும்வரை கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால் யோசியுங்கள். எமர்ஜென்சியில் வார்டுக்கு அனுப்பியதோடு அவர் உங்கள் கையை விட்டுப் போய்விடுவார். சிலருக்கு அது நிம்மதி, சிலருக்கு ஏக்கம்.

வாசல்டாக்டர்:
நான் அவசர மருத்துவத்தில் கன்சல்டன்ட். தம்பி, அந்த ‘கொஞ்சம் கொஞ்சம்’ பேச்சை முதலில் காதில் வாங்காதீர்கள். இதய நிபுணரிடம் போகிறவர் இதயத்தில் கோளாறு என்று ஓரளவு தெரிந்துதான் போகிறார். நம்மிடம் வருகிறவர் "மேல்வயிறு எரியுது, ஒரு ஊசி போடுங்க" என்பார். நெற்றி வியர்த்திருக்கும், அவ்வளவுதான் தடயம். வந்த பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுக்கிறோம். மூன்றாவது லீடில் (லீடு என்பது இதயத்தை ஒரு கோணத்திலிருந்து காட்டும் பதிவு) எஸ்டி என்ற கோட்டுப்பகுதி உயர்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது, ஆனால் ஏவிஎல் என்ற இன்னொரு லீடில் அது லேசாக இறங்கியிருக்கும். அந்தச் சின்ன இறக்கத்தைப் பார்த்ததும் இதயத்தின் அடிச்சுவரில் மாரடைப்பு தொடங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். வலப்பக்க லீடுகளும் வைத்துப் பார்த்து, கொஞ்ச நேரத்தில் இசிஜியை மறுபடி எடுத்து, அதுவரை ரத்த அழுத்தத்தை இறக்கிவிடக்கூடிய நைட்ரேட் மருந்தில் கை வைக்காமல் இருக்க வேண்டும். இதற்குள் பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவர் வலிப்போடு வந்திருப்பார். பாதித் தகவலை வைத்துக்கொண்டு, ஆளைக் கொல்லக்கூடியதை முதலில் நினைத்து, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவது ஒரு தனிப் படிப்பு. அதை முழுநேரமாகக் கற்றுத்தருவது இந்தத் துறைதான்.

வீட்டுக்குப் புரியாததில் ஆச்சரியமில்லை, இது இளம் துறை. அமெரிக்காவில் இந்தத் துறைக்கு முதல் ரெசிடென்சியே (மேற்படிப்புப் பயிற்சி) 1970இல்தான், சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில். அங்கே தனித்துறையாக ஏற்றது 1979இல், இந்தியாவில் 2009இல். இந்திய எம்.டி. மூன்று வருடம், அமெரிக்காவில் மூன்று அல்லது நான்கு. பிரிட்டனில் ஃபவுண்டேஷன் என்ற பொதுப் பயிற்சி முடிந்தபின் ஆறு வருடம். அங்கே ஆரம்ப வருடங்களிலேயே மயக்கவியல், ஐசியூ எல்லாம் சுற்ற விடுவார்கள். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

எங்கே சேருவது? கட்டிடத்தையும் கருவிகளையும் பார்த்து மயங்காதீர்கள். அனுமதி வாங்கிக்கொண்டு நள்ளிரவு தாண்டிப் போய் நின்று பாருங்கள். சீனியர் அங்கேயே இருக்கிறாரா, போனில் இருக்கிறாரா? மூச்சுத் திணறுகிறவருக்கு டியூப் போடும்போது, தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப் யார் கையில்? பயிற்சி டாக்டர் அதைப் பிடித்திருக்க, சீனியர் தோளோரம் நின்று "ஆக்ஸிஜன் ஏறட்டும், பிரஷர் எவ்வளவு? டியூப் உள்ளே போகவில்லை என்றால் அடுத்து என்ன செய்வாய்?" என்று கேட்கிறார் என்றால் தயங்காமல் சேருங்கள். பயிற்சி டாக்டர்களைத் தனியாக விட்டுவிட்டு அதையே அனுபவம் என்று சொல்லும் இடம் வேண்டவே வேண்டாம். அங்கே நோயாளிக்கும் ஆபத்து, படிக்கிறவருக்கும் ஆபத்து.

அப்புறம், தரப்போகும் பட்டத்தை நீங்கள் வேலை பார்க்கப்போகும் நாட்டின் மருத்துவக் கவுன்சில் ஏற்கிறதா என்று எழுத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ட்ரையாஜ்சிஸ்டர்:
எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்! யாரை முதலில் உள்ளே விடுவது என்று வாசலில் ஐந்து நிலையாகப் பிரிப்பது பெரும்பாலும் நர்ஸ்தான். ஒரு பிரிவு எப்படிப்பட்டது என்று தெரிய, "இவர் சரியில்லை, வந்து பாருங்க" என்று நர்ஸ் கூப்பிட்டால் டாக்டர் எழுந்து வருகிறாரா என்று பாருங்கள்.

இளம்மருத்துவன்:
நன்றி சார், நன்றி சிஸ்டர். அந்த ஐம்பது வயசு நைட் டியூட்டி?

வாசல்டாக்டர்:
சிஸ்டர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

நைட் டியூட்டி உடம்பைப் படுத்தும், அதை மறைக்க மாட்டேன். இரவு முடிந்து தூங்காமல் வண்டி ஓட்டாதீர்கள், அதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஆனால் வயது ஏற ஏற வழிகளும் திறக்கும். நச்சியல், குழந்தைகள் அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், ஆம்புலன்ஸ் சேவைக்கு மருத்துவப் பொறுப்பு, பேரிடர் மருத்துவம் என்று கிளைகள் நிறைய. இரண்டாம் மூன்றாம் வருடத்திலேயே ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பின்னால் இரவுகளைக் குறைப்பது சுலபம். நான் நச்சியல் பக்கம் போனேன். பகலில் பாடம் எடுக்கிறேன், இரவு முறை குறைந்துவிட்டது. கிளினிக் இல்லை, உண்மைதான். பூச்சிமருந்து குடித்துவிட்டு வந்தவருக்கு விஷமுறிவு மருந்தான அட்ரோபின் ஏற்றி, நெஞ்சில் சளிச்சத்தம் அடங்கும்வரை பக்கத்தில் நிற்கும்போது அதைப் பற்றி யாருக்கு நினைப்பு வரும்? அப்பாவிடம் பேச வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், நானே பேசுகிறேன்.