சர்க்கரை, பயணம், பறவைகள்: கடந்த ஆண்டின் குறிப்புகளை எப்படிச் சேர்த்துப் பார்ப்பது?

கண்மாய்க்கரை (மதுரை):

அனைவருக்கும் வணக்கம். நான் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். சென்ற ஆண்டின் தொடக்கத்தில் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. அப்போது எச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 8.6 விழுக்காடு. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கவும் சொன்னார். தெருவிலேயே சுற்றிச் சுற்றி நடப்பது சலித்துப்போகவே வண்டியூர்க் கண்மாய்க் கரைக்கு மாறினேன். அங்கே முக்குளிப்பானையும் நீர்க்காகத்தையும் வேடிக்கை பார்க்கத் தொடங்கியது, ஒரு பைனாகுலர் வாங்குவதில் போய் நின்றது. (வீட்டில் அதன் விலை இன்னும் முழுமையாகத் தெரியாது.)

பிறகு பறவைகளுக்காகவே ஊர் ஊராகப் போக ஆரம்பித்தேன். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்கு லகர் வல்லூறைத் தேடிப் போனவன், சமணர் படுக்கைகளையும் தமிழ்ப் பிராமி எழுத்துகளையும் பார்த்துவிட்டு, வல்லூறைக் காணாமலேயே மனநிறைவுடன் திரும்பினேன். ஐப்பசி மழைக்குப் பிறகு வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போனேன். பறவைகள் அஞ்சிவிடக் கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களிடம் பேசிக்கொண்டிருந்த அந்த மாலைதான் ஆண்டின் சிறந்த பொழுது என்று சொல்வேன். டிசம்பரில் கோடியக்கரை, பூநாரைகளும் வெளிமான்களும் ஒரே நாளில்.

ஆகஸ்டில் எச்பிஏ1சி 7.4, டிசம்பரில் 6.9. உடல்நலம், பயணம், பறவைகள் என்று மூன்று குறிப்பேடுகள் தனித்தனியாக இருக்கின்றன. இவற்றைச் சேர்த்து ஓர் ஆண்டின் கணக்காக எழுதிவைக்க விரும்புகிறேன். அப்படி எழுதும்போது, சர்க்கரை குறைந்ததற்குப் பறவை பார்த்தலே காரணம் என்று கொள்ளலாமா? இப்படி ஆண்டுக் குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர்கள் எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள்?

சோதனைக்குழாய் (திருச்சி):

ஐயா, நீண்ட காலம் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றியவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் உயிர்வாழ்கிறது. அந்தக் காலத்தில் அதிலுள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டிக்கொண்டது என்பதைத்தான் எச்பிஏ1சி காட்டுகிறது. ஆகவே அது சோதனை செய்த நாளின் நிலை அல்ல. முந்தைய இரண்டு மூன்று மாதங்களின் சராசரி. அதிலும் கடைசி ஒரு மாதத்தின் பங்குதான் ஏறக்குறைய பாதி. எனவே ஆகஸ்ட் எண்ணை ஆகஸ்ட் மாதப் பயணங்களுக்கு நேரே எழுதினால் பொருந்தாது. மே முதல் ஜூலை வரை நீங்கள் என்ன உண்டீர்கள், எவ்வளவு நடந்தீர்கள் என்பதற்கு நேரே எழுதுங்கள். டிசம்பர் எண்ணில் தீபாவளிப் பலகாரமும் வேட்டங்குடியும் சேர்ந்தே இருக்கும். கோடியக்கரை எந்த அளவுக்கு வரும் என்பது, இரத்தம் கொடுத்தது அந்தப் பயணத்துக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்தது.

மாத்திரையின் அளவு எப்போதாவது மாற்றப்பட்டதா என்பதைப் பறவைகளுக்கு நன்றி சொல்வதற்கு முன் பாருங்கள். மாற்றப்பட்டிருந்தால் அந்தத் தேதியும் உங்கள் ஏட்டில் இருக்க வேண்டும். இரத்தசோகை இருந்தாலும் இந்த எண் கூடவோ குறையவோ காட்டக்கூடும்; அதனால் ஹீமோகுளோபின் அளவையும் பக்கத்தில் குறித்துவைப்பது நல்லது.

ஆறுமணிக்குருவி (கோவை):

இனங்களின் எண்ணிக்கையை வைத்து ஆண்டை அளக்க வேண்டாம் என்பதே என் கருத்து. புதிய ஊருக்குப் போனால் பட்டியல் நீளும். அது போக்குவரத்துச் செலவின் அளவே தவிர வேறில்லை. வேட்டங்குடியின் கூட்டம் முழுக்க முழுக்க மழையை நம்பியது. கண்மாய் நிரம்பாத ஆண்டில் அதே தேதிக்கு நீங்கள் போனாலும் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருக்காது. அதற்குப் பதிலாக உங்கள் வண்டியூர்க் கண்மாயையே மாதந்தோறும் ஒரே நேரத்தில், ஒரே கரையில் பார்த்து எழுதிவாருங்கள். நீலச்சிறகி எந்த வாரம் வந்தது, சூறைக்குருவிக் கூட்டம் எந்த வாரம் மறைந்தது என்பவை இரண்டாம் ஆண்டில்தான் பொருள் தரத் தொடங்கும். ஒன்றுமே தென்படாத காலைகளையும் எழுத வேண்டும். பெரும்பாலோர் அவற்றை விட்டுவிடுகிறார்கள்.

ஈ-பேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியில் பதிவு செய்தால் தேதி, நேரம், நடந்த தொலைவு எல்லாம் தானாகவே சேர்ந்துவிடும். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து எண்ணினாலே போதும். ஆண்டைத் தொடங்க நல்ல வாய்ப்பு.

ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன். பறவை பார்ப்பவர் நடப்பதை விட நிற்பதே அதிகம். மருத்துவர் சொன்ன வேக நடைக்கு அது ஈடாகாது. நான் முதலில் கரையின் மறுமுனை வரை பைனாகுலரைப் பைக்குள் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டு, திரும்பும் வழியில்தான் பார்ப்பேன். உங்கள் ஏட்டிலும் இந்த இரண்டு நேரங்களையும் பிரித்து எழுதுங்கள்.

காவிரிப்பெண் (தஞ்சாவூர்):

மேலே இரு பெரியவர்களும் சொன்னவை சரியானவையே. ஆனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரையோடு வாழும் நான், மூன்று ஏடுகளையும் ஒன்றாக்குவதற்கு உடன்படவில்லை. கொள்ளுக்குடிப்பட்டியில் கழிந்த அந்த மாலை எச்பிஏ1சியின் அடிக்குறிப்பாக ஆகிவிடக் கூடாது. சர்க்கரை ஏறிய மாதத்திலும் நல்ல பயணம் அமையலாம்; அதை எழுதும்போது குற்ற உணர்வு வந்து உட்கார்ந்துகொள்ளும். எண்கள் தனி ஏட்டிலேயே இருக்கட்டும்.

உங்கள் குறிப்பில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன்: பயண நாட்களில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விடியலுக்கு முன் கிளம்பி, காலை உணவைத் தள்ளிப்போட்டுவிட்டு வெயிலில் நடந்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கக்கூடும். கை நடுக்கமும் வியர்வையும் வந்தால் 15 கிராம் அளவு குளுக்கோஸ் அல்லது சர்க்கரை எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். கோடியக்கரை போன்ற இடத்தில் நினைத்த நேரத்தில் கடை கிடைக்காது. ஆகவே அது பைனாகுலரோடு பையிலேயே இருக்க வேண்டிய பொருள்.

அரிட்டாபட்டியில் குடைவரைக் கோயிலுக்கு வெறுங்காலுடன் போயிருப்பீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் நண்பகல் பாறை சுட்டது தெரியாமலேயே கொப்புளம் வந்துவிடும். காலையிலேயே போய்விடுங்கள், திரும்பியதும் உள்ளங்காலைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையையும் பாதத்தையும் பரிசோதித்தீர்களா என்பதும் உடல்நல ஏட்டில் இருக்க வேண்டும்.

கண்மாய்க்கரை (மதுரை):

மூவருக்கும் நன்றி. மருந்துச் சீட்டுகளைத் தேடிப் பார்த்தேன். ஏப்ரல் இறுதியில் மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். ஆகஸ்டின் 7.4இல் அதற்குப் பெரும் பங்கு இருக்க வேண்டும். அதன்பின் மருந்து மாறவில்லை; எனவே 7.4 என்பது 6.9 ஆனதில் நடைக்கும் உணவுக்கும் இடமுண்டு என்று எண்ணுகிறேன், ஆனால் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என் குறிப்புகள் போதாது. கோடியக்கரைக்குக் கணக்கில் இடமே இல்லை; இரத்தம் கொடுத்தது அதற்கு முந்தைய வாரம்.

காவிரிப்பெண் அம்மா சொன்னபடி ஏடுகளைத் தனித்தனியாகவே வைத்துக்கொள்கிறேன். மூன்றிலும் தேதியை மட்டும் ஒரே முறையில் எழுதினால், வேண்டும்போது பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். விழித்திரைப் பரிசோதனை செய்தாயிற்று. பாதத்துக்கு அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன். பொங்கல் கணக்கெடுப்புக்கு வண்டியூரிலேயே நிற்கப் போகிறேன். மதுரை நண்பர்கள் யாரேனும் வருவதாக இருந்தால், காலை ஆறரைக்குக் கரையில் பார்க்கலாம்; காலை உணவையும் கையோடு கொண்டுவாருங்கள்.