வன்னிப் பள்ளிக்கூடங்களுக்குத் தொண்டராகப் போய் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தல்: அனுபவப் பகிர்வு

முள்ளியவளை, ஓய்வு பெற்ற ஆசிரிய ஆலோசகர்:

இலங்கையின் வடக்கில் இருக்கிற வன்னிக்குப் பயிற்றுநராக வருகிறவர்கள் தலைப்பைத் தெரிவுசெய்ய முதல் பாடசாலையின் ஆளணியைப் பாருங்கள். உள்ளுக்குள் இருக்கிற சிறிய பாடசாலையில் தரம் 1 முதல் 5 வரை ஐந்து வகுப்பு இருக்கும், ஆசிரியர் இரண்டு பேரோ மூன்று பேரோதான். நியமனம் பெற்றவர் யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ பஸ்ஸில் வந்துபோகிறவராக இருப்பார். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிய இடமாற்றம் கேட்பார். அவரில் குறை சொல்ல ஏலாது, வீடும் பிள்ளைகளும் அங்கே. அதே ஊரில் இருக்கிற தொண்டர் ஆசிரியை உயர்தரம் படித்தவர், முறையான பயிற்சி இல்லாதவர். ஆனால் பல வருடம் கழித்தும் அதே வகுப்பில் நிற்கப்போகிறவர் அவர்தான். உங்கள் உழைப்பு அவரிடம் போய்ச் சேரவேண்டும்.

அழைப்புக் கடிதத்தில் ஒன்றும் குறிப்பிடாவிட்டால் அதிபர் நியமனக்காரரைத்தான் அனுப்புவார். ஆகவே 'தொண்டர் ஆசிரியர்களையும் அனுப்பவும்' என்ற வரியை வலயக் கல்விப் பணிப்பாளரின் கையொப்பத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு நிரந்தரச் சம்பளம் இல்லை. போக்குவரத்துக் காசை அன்றைக்கே கையில் கொடுக்க வேண்டும். 'பிறகு வலயத்தால் வரும்' என்று சொன்னால் அடுத்த முறை வரமாட்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

திங்களும் வெள்ளியும் பயிற்சிக்கு உதவாது. திங்கள் தூரத்து ஆசிரியர்கள் பிந்தி வருவார்கள், வெள்ளி நேரத்தோடு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். செவ்வாயிலிருந்து வியாழனுக்குள் ஒரு நாள், காலை 8.30 முதல் 1 மணி வரை. ஒரு பாடசாலையிலிருந்து ஒரே நாளில் இரண்டு பேரை எடுத்தால் அங்கே வகுப்பு நின்றுவிடும். ஒவ்வொருவராக இரண்டு தொகுதியாகக் கூப்பிடுங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல், யூலை 2 மடு மாதா திருவிழா, தை மாசியில் காலபோக நெல் அறுவடை, இவற்றைப் பார்த்து நாள் குறியுங்கள். ஒக்ரோபர் கடைசியிலிருந்து மாரி மழை. நந்திக்கடல் களப்பில் தண்ணீர் ஏறினால் வட்டுவாகல் பாலத்தில் தண்ணீர் பாயும், அந்தப் பக்கத்து ஆட்கள் வந்துசேர முடியாது.

ஒரு நாளில் ஒரு முறையை மட்டும் பழக்குங்கள். முதல் அரை மணித்தியாலம் ஆசிரியர்கள் பிள்ளைகளாக இருந்து அந்தப் பாடத்தைப் படிக்கட்டும். பிறகு இரண்டு இரண்டு பேராக, தங்கள் வகுப்புப் பாடநூலையே விரித்து, அடுத்த கிழமை எடுக்கப்போகும் பாடத்துக்கு அதைப் பொருத்தி எழுதட்டும். கடைசியில் ஒவ்வொரு சோடியும் பத்து நிமிடம் மற்றவர்களுக்குக் கற்பிக்கட்டும். பாடநூலைக் கொண்டுவரச் சொல்ல மறந்தால் அன்றைய பாதி வேலை வீணாகும். நீங்கள் செய்து காட்டிய படத்தை அச்சொட்டாகக் கீறிக்கொண்டு போய்ச் சுவரில் கொழுவுவார்கள், வகுப்பில் ஒன்றும் மாறாது.

இரண்டு கிழமைக்குள் வகுப்புக்குப் போங்கள். மெய்யான பயிற்சி அங்கேதான் நடக்கிறது. முதல் தடவை நீங்கள் கற்பியுங்கள், அவர் பார்க்கட்டும். இரண்டாம் தடவை இருவரும் சேர்ந்து. மூன்றாம் தடவை அவர் கற்பிக்க நீங்கள் பின்வரிசை வாங்கில் இருங்கள். கையில் கொப்பி வேண்டாம். கொப்பியும் பேனையுமாக ஆள் வந்தால் மேற்பார்வை என்று நினைத்து, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாடமான பாடத்தையே திருப்பி எடுப்பார்கள். கருத்துச் சொல்வதை இடைவேளையில், அதிபருக்கும் பிள்ளைகளுக்கும் கேளாத தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றவேண்டியது பத்து இருந்தாலும் அன்றைக்கு ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

துணுக்காய், ஆரம்பப் பிரிவு ஆசிரியை:

ஐயா சொன்னதோட பல தரத்தை ஒராள் ஒண்டாப் படிப்பிக்கிற பல்தர வகுப்பையும் சேர்க்கவேணும். 1999 இல நாடு முழுக்க வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை எண்டு மூண்டு வழியைச் சொல்லுது. ஒரு தரத்துக்கு ஒரு ஆசிரியர் இருந்தால் அது நல்லாப் போகும். தரம் 3, 4, 5 மூண்டையும் ஒராள் பாக்கிற இடத்தில அப்பிடியே எடுத்துச் சொன்னால் ரீச்சர்மார் தலையாட்டிப்போட்டுப் போவினம், செய்ய ஏலாது.

செய்யக்கூடிய ஒழுங்கு ஒண்டு சொல்லுறன். இடப்பெறுமானப் பாடத்தை எடுங்கோ. முதல் 10 நிமிசம் எல்லாரும் ஒண்டா: ஈர்க்கைப் பத்துப் பத்தாக் கட்டி 34, 52 எண்டு வைக்கிறது. பிறகு 15 நிமிசம் தரம் 3 ரீச்சரோட, தரம் 4 சோடியா எண் அட்டையோட, தரம் 5 பாடநூலில பயிற்சி. அடுத்த 15 நிமிசம் தரம் 4 ரீச்சரிட்ட வரும், அதுக்கடுத்த 15 தரம் 5. கடைசி 5 நிமிசம் திருப்பி எல்லாரும் ஒண்டா. ஒரு மணித்தியாலம் சரி.

குழம்புறது எங்கயெண்டால், கெதியா முடிச்ச பிள்ளை 'ரீச்சர் முடிஞ்சுது' எண்டு வந்து நிக்கும். ஒண்டு வந்தால் மற்றதெல்லாம் வரும், ரீச்சரோட இருக்கிற குழுவின்ர பாடம் போச்சு. அதுக்கு ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு பிஸ்கட் பெட்டி வையுங்கோ. உள்ளுக்க 20 அட்டை, முன்பக்கம் கணக்கு, பின்பக்கம் விடை. முடிச்ச பிள்ளை ரீச்சரிட்ட வராது, பெட்டியிட்டப் போகும். குழுத் தலைவரைக் கிழமைக்குக் கிழமை மாத்துங்கோ. கரும்பலகை இரண்டையும் வகுப்பின்ர இரண்டு அந்தத்திலயும் வைச்சு, குழுக்களை முதுகுக்கு முதுகு இருத்தினால் சத்தமும் குறையும், மற்றக் குழுவைப் பாத்துக்கொண்டு இருக்கிறதும் குறையும்.

பயிற்சியில இதை வாயால சொல்லிப் பிரயோசனமில்லை. அந்தப் பெட்டியை ரீச்சர்மார் அங்கயே செய்து முடிச்சுக் கையோட கொண்டுபோகவேணும். வீட்டில போய்ச் செய்யுங்கோ எண்டால் அவைக்கு நேரமில்லை. சமையல், ஆடுமாடு, வயல் எல்லாம் இருக்கு.

ஒட்டுசுட்டான், கற்றல் சாதனங்கள் செய்யப் பழக்குபவர்:

சாதனங்கள் பற்றிச் சுருக்கமாக எழுதத்தான் நினைத்தேன், ஆனால் இதில்தான் காசும் நேரமும் வீணாகிறது. பிறிஸ்டல் போட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினால் ஒரு மாரி தாங்காது. கூரை ஒழுகும், கறையான் ஏறும். வெள்ளை அரிசிப் பையை எடுங்கள். அடித்தையலையும் பக்கத்தையும் வெட்டி விரித்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி நிழலில் காயவிடுங்கள். வெட்டின ஓரத்தை மெழுகுதிரிச் சுவாலையில் மெல்ல ஓடவிட்டால் நூல் பிரியாது. இதைப் பெரியவர்கள் செய்யவேண்டும், பை சட்டென்று பற்றும். அச்சில்லாத பக்கத்தில் அழியாத மார்க்கரால் எழுதுங்கள். மேலே ஒரு தடியைச் செருகி, சுவரில் முட்டாமல் கயிற்றில் தொங்கவிடுங்கள். மடிக்கக் கூடாது, சுருட்டித்தான் வைக்கவேண்டும்.

கரும்பலகை வெளுத்திருந்தால் கடையில் மினுங்கல் பெயின்ற் வாங்கி அடிக்கிறார்கள். வெண்கட்டி வழுக்கும், வாசல் வெளிச்சம் பட்டு ஒரு பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியாது. சிரட்டைக்கரியை இடித்துத் துணியில் அரித்து, கோவை இலைச் சாற்றில் குழைத்து, மண்தாள் போட்ட பலகையில் இரண்டு தரம் பூசுங்கள். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது. எழுதத் தொடங்க முதல் வெண்கட்டியைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்து அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதலில் எழுதினது அழியாமல் அடியில் நிற்கும்.

எண்ணுவதற்கு ஒரு பிள்ளைக்கு 20 புளியங்கொட்டையும் பத்தாகக் கட்டின ஈர்க்குக் கட்டுகளும் போதும். குன்றிமணி பார்வைக்கு வடிவாக இருக்கிறதென்று எடுக்கவே வேண்டாம், கடித்து விழுங்கினால் நஞ்சு. ஆமணக்குக் கொட்டையும் அப்படித்தான். சோடா மூடி என்றால் ஓரத்தைச் சுத்தியலால் தட்டி மடித்துக் கொடுங்கள். வெற்றுத் தோட்டாக் கோது எங்கேயாவது கிடந்தாலும் அதை எண்ணுவதற்கு எடுக்க விடாதீர்கள். இன்றைக்கு வெற்றுக் கோதைப் பொறுக்கப் பழகின பிள்ளை நாளைக்கு வெடிக்கக்கூடியதையும் பொறுக்கும்.

கிளிநொச்சி, உளவளத்துணை ஆசிரியை:

கடைசி வரியை இன்னும் கொஞ்சம் விரிக்கிறேன். இலை, கல், விதை சேர்க்கப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் பாடம் இருந்தால், அந்தக் காணியை முதல் நாளே அதிபரிடமும் கிராம சேவகரிடமும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். கண்ணிவெடி இருக்கிறதென்று எச்சரிக்கிற, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லை என்பதால் மட்டும் ஒரு காடு பாதுகாப்பாகிவிடாது. பலகை விறகுக்குப் போயிருக்கலாம். ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்கக்கூடாது. சந்தேகமான பொருள் கண்டால் தொடக்கூடாது, கல்லெறியக்கூடாது, வந்த அடித்தடத்திலேயே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்லவேண்டும். ஆசிரியர்கள் இதைப் பிள்ளைகளோடு நடித்துப் பழக்கவேண்டும்.

இன்று ஆரம்பப் பிரிவில் இருக்கிற பிள்ளைகள் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களின் இளம் ஆசிரியை 2009 மே மாதத்தில் தானே ஒரு பாடசாலைப் பிள்ளை. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் படித்தவராக இருக்கலாம். வெளியிலிருந்து வருகிற பயிற்றுநர்கள் பிள்ளைகளைப் பற்றி நிறைய யோசிக்கிறார்கள், ஆசிரியையை மறந்துவிடுகிறார்கள். 'வாழ்க்கையில் மறக்கமுடியாத நாளைப் பகிருங்கள்' என்று பயிற்சியைத் தொடங்கவேண்டாம். பதிவுப் படிவத்தில் கணவர் பெயர், தந்தை பெயர் என்ற நிரல்களை எடுத்துவிடுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அப்படியான வீட்டிலிருந்து வருகிறவர் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்? பயிற்சிக்கு அந்தத் தகவல் தேவையும் இல்லை. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18ஐ ஒட்டிய கிழமையில் பயிற்சி வைக்கவேண்டாம்.

இடையில் ஒருவர் அழுதால் எல்லாரும் சூழ்ந்து நிற்க விடாதீர்கள். அவர் விரும்புகிற ஒருவர் கூட்டிக்கொண்டுபோய் வெளியில் இருத்தித் தண்ணீர் கொடுக்கட்டும். மற்றவர்களுக்குச் சோடி வேலை ஒன்றைக் கொடுங்கள். என்ன நடந்தது என்று விசாரிக்கக்கூடாது. அவராகச் சொன்னால் கேளுங்கள். திரும்பி வந்து இருந்தால் ஒன்றும் நடக்காதது போல் வேலையைக் கொடுங்கள்.

குடும்பம் பற்றிய பாடத்துக்கும் இதே கவனம் வேண்டும். 'அப்பா என்ன வேலை செய்கிறார்?' என்பதை விட்டுவிட்டு 'உங்கட வீட்டில ஆரார் இருக்கினம்?' என்று கேட்கச் சொல்லுங்கள். தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போக அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளையும் இந்தக் கேள்விக்கு நிமிர்ந்து பதில் சொல்லும்.

நெடுங்கேணி, தொண்டர் ஆசிரியர்:

தங்கி நிக்கிறவைக்கு. மோட்டார் சைக்கிளில காட்டுறோட்டால வாறதெண்டால் நல்லா விடிஞ்சாப் பிறகு வெளிக்கிடுங்கோ, பொழுதுபட முதல் திரும்பிடுங்கோ. யானை றோட்டில நிண்டால் ஹோர்ன் அடிக்கவேண்டாம், தூரத்தில நிப்பாட்டி அது போகுமட்டும் நில்லுங்கோ. கிறவல் றோட்டில ரயர் அடிக்கடி காத்துப்போகும், ஒட்டுற சாமானும் பம்மும் பையில இருக்கவேணும். நிலத்தில பாய் போட்டுப் படுக்காதேங்கோ. கண்டங்கருவளைப் பாம்பு இரவில வந்து நித்திரையில கிடக்கிற ஆக்களைக் கடிக்கும், கடிச்ச இடம் நோகாது, வீங்காது. கட்டிலும் நுளம்பு வலையும் வேணும், வலையின்ர ஓரத்தை மெத்தைக்குக் கீழ செருகுங்கோ. கடிபட்டதாச் சந்தேகம் எண்டாலே ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேணும். கத்தியால கீறுறது, இறுக்கிக் கட்டுறது வேண்டாம்.

பாலைப்பழக் காலத்தில பிள்ளையள் தாய்தேப்பனோட காட்டுக்குப் போயிடுவினம். அந்த நேரம் வகுப்புப் பாக்க வந்தால் வாங்கு வெறுமையாக் கிடக்கும். அதிபருக்கு முதல்நாள் ஒரு கோல் எடுத்துக் கேட்டுட்டு வாங்கோ. மாங்குளத்தில பஸ் மாறுறவை பின்னேரக் கடைசி பஸ்ஸை நம்பி இருக்கவேண்டாம், சில நாள் அது ஓடாது. ஓட்டோக் காசைப் பயிற்சிச் செலவுக்குள்ள முதலே எழுதி வையுங்கோ.