பழைய அம்பாசடரின் எண்ணெய்ப் பிசுக்கைப் பாதுகாப்பாகக் கழுவுவது எப்படி?

கேள்வி – மயிலாடுதுறை

வணக்கம். எங்கள் தாத்தா 1968-இல் வாங்கிய அம்பாசடர் மார்க் 2 காரைச் சீரமைத்து வருகிறோம். கழற்றி வைத்திருக்கும் ஆயில் சம்ப், கியர்பாக்ஸ், கார்புரேட்டர், பிரேக் பாகங்கள் எல்லாவற்றிலும் கிரீஸும் மண்ணும் சேர்ந்து தார்போல் இறுகியிருக்கின்றன. பெட்ரோலில் ஊறவைத்தால் போய்விடும் என்கிறார் மெக்கானிக். வேலை நடப்பது கொல்லைக் கொட்டகையில். சற்றுத் தள்ளி வெந்நீர் போடும் விறகடுப்பு இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி – கும்பகோணம்

ஐயா, அங்கே பெட்ரோல் அறவே வேண்டாம். மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும் பொருள் அது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து அடுப்பு வரை செல்லும், அங்கே பற்றிய தீ கழுவும் தட்டுக்கே திரும்பி வரும். அதிலுள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது; மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும்.

முதலில் மூங்கில் சிம்பால் கெட்டிப் பிசுக்கைச் சுரண்டி எடுங்கள். பாதி வேலை அதிலேயே முடியும். மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்து பிரஷால் தேய்க்கலாம். ஆனால் மண்ணெண்ணெயும் ஏறத்தாழ 35 முதல் 40 டிகிரியில் தீப்பற்றத் தொடங்கும். நம் பகுதியின் அக்னி நட்சத்திர வெயிலில் தகரத் தட்டு அந்தச் சூட்டை எளிதில் தாண்டிவிடும். ஆகவே காலையில், நிழலில், அடுப்பு மூட்டாத நேரத்தில், கையுறை அணிந்து செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மறுமொழி – திருவாரூர்

காஸ்டிக் சோடா போட்டுக் கொதிக்க வைக்கும் வழக்கம் சில ஒர்க்‌ஷாப்களில் இன்னும் இருக்கிறது. இரும்பு அதைத் தாங்கும். அலுமினியமும் துத்தநாகக் கலவையும் அரித்துப் போகும், அலுமினியம் கரையும்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். கார்புரேட்டரை அதன் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அதன் ஜெட்டுகளில், அதாவது பெட்ரோல் போகும் நுண்துளைத் திருகுகளில், கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். காற்றடித்தாலே போதும், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

பிரேக் ஷூவுக்கு நேர்மாறு. அதன் மேல் ஒட்டியிருக்கும் அக்கால லைனிங்கில், தூசாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கக்கூடும் என்பதால் கம்ப்ரசர் காற்றை அடிக்காமல், சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். வீல் சிலிண்டர் ரப்பரில் மண்ணெண்ணெய் பட்டால் அது ஊதிப்போகும். புதிய பிரேக் ஆயிலால் மட்டுமே கழுவுங்கள்.

கேள்வி கேட்டவர் – மயிலாடுதுறை

மிக்க நன்றி. கழுவிய மண்ணெண்ணெயை எங்கே கொட்டுவது? கொல்லையை ஒட்டியே பாசன வாய்க்கால் போகிறது.

மறுமொழி – கும்பகோணம்

வாய்க்காலில் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். மேட்டூரிலிருந்து தண்ணீர் வந்ததும் அந்தப் படலம் நேரே வயலில் போய்த்தான் படியும். மூடியுள்ள தகர டின்னில் ஓரிரவு தெளிய வைத்தால் மேலே நிற்பதை மறுபடியும் பயன்படுத்தலாம். அடியில் தங்கும் கசடை வேஸ்ட் ஆயிலோடு சேர்த்து, அதை எடுத்துச் செல்ல அனுமதி பெற்றவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.