மறு: ஆவி நேரே திண்மமாவதற்கு என்ன சொல்?

வணக்கம்.

நேற்றைய மடல்களில் இதற்குப் 'படிதல்' போதும் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. தூசி படிகிறது, வண்டல் படிகிறது; முன்பும் திண்மம், பின்பும் திண்மம்தான். நிலைமாற்றமே அங்கே இல்லை. அதோடு, படிதல் என்றாலே மேலிருந்து இறங்கித் தங்குவதுதான் மனதில் வருகிறது. பழைய ஃபிரிட்ஜின் ஃப்ரீசரைத் திறந்து பாருங்கள், மேற்புறத்திலும் பனி கட்டியிருக்கும். காற்றிலிருந்த நீராவி மூலக்கூறுகள் குளிர்ந்த பரப்பில் மோதி, ஆற்றலை இழந்து, அங்கேயே பிடிபட்டதால் வந்த பனி அது.

'எதிர்ப் பதங்கமாதல்' என்று ஐயா சொன்னதையும் யோசித்தேன். சித்த மருத்துவத்தில் சரக்கைக் கீழ்ச்சட்டியில் வைத்து எரிப்பார்கள். அது ஆவியாகி மேல்சட்டியின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதைச் சுரண்டி எடுப்பதுதான் பதங்கம். அதாவது ஆவி மறுபடி திண்மமாகிக் கிடைத்த பொருளின் பெயர் அது. பாடநூல்களில் 'பதங்கமாதல்' திண்மம் ஆவியாவதைக் குறித்து நிலைத்துவிட்டது, சரி, இருக்கட்டும். ஆனால் 'எதிர்' சேர்த்தால், பதங்கம் உண்டாகும் நிகழ்வுக்கே 'எதிர்ப் பதங்கமாதல்' என்று பெயராகிவிடும்.

என் பரிந்துரை: ஆவியுறைதல்.

உறைதலுக்குப் பழைய பொருள் தங்கி வாழ்வது. உறைவிடம் என்கிறோமே, அதுதான். திண்மத்தில் துகள்கள் செத்துக் கிடப்பதில்லை, தத்தம் இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கின்றன. திசையெல்லாம் ஓடிய மூலக்கூறு ஓரிடத்தில் குடியேறுவதை இதைவிட நன்றாகச் சொல்லும் வினை எனக்குத் தெரியவில்லை. 'உள்ளுறை வெப்பம்' என்பதிலும் இதே 'உறை' இருக்கிறது. ஒரு கிலோ நீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும்போது சுமார் 334 கிலோஜூல் வெளியேறும். அதே வெப்பநிலையில் ஒரு கிலோ நீராவி நேரே பனிக்கட்டியானால் சுமார் 2,834 கிலோஜூல், எட்டு மடங்குக்கும் மேல். நீரில் மூலக்கூறுகள் ஏற்கெனவே ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. ஆவியிலோ அந்தப் பிடி அநேகமாக இல்லவே இல்லை. புதிதாக எல்லாப் பிடிகளும் உண்டாகும்போதுதான் அவ்வளவு ஆற்றல் வெளியே வருகிறது. அதனால்தான் வெறும் 'உறைதல்' போதாது, முன்னால் 'ஆவி' வேண்டும் என்கிறேன்.

'ஆவியா, வாயுவா?' என்று கேட்டவருக்கு: மாறுநிலை வெப்பநிலைக்கு (அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது) கீழே உள்ள வாயுவைத்தான் ஆவி என்கிறோம். கார்பன் டை ஆக்சைடுக்கு அது சுமார் 31 டிகிரி. வளிமண்டல அழுத்தத்தில் அது திண்மமாகி உலர்பனியாவதோ மைனஸ் 78.5 டிகிரியில். திண்மத்துக்கு நேரே தாவும் வாயு, திண்மம், திரவம், வாயு மூன்றும் சேர்ந்திருக்கக்கூடிய மும்மைப் புள்ளிக்கும் கீழேதான் இருக்கும், ஆகவே எப்போதும் ஆவியே.

அப்புறம், ஊட்டியில் ஜனவரி விடியலில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் அல்லவா, அதை மக்கள் உறைபனி என்றுதான் சொல்கிறார்கள். 'படிபனி' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வினையாகவும் எளிதாக வளைகிறது: ஆவியுறைகிறது, ஆவியுறைந்த அயோடின், ஆவியுறை வெப்பம். வகுப்பெடுப்பவர்கள் இந்த வாரம் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்து, எங்கே தடுக்கியது என்று எழுதுங்கள்.