நைரோபிக்கு அம்மா அப்பா வர்றாங்க: மஞ்சள் காய்ச்சல் ஊசி, மசாய் மாரா பயணம், அவசரம்

திருச்சிப் பொண்ணு:
வணக்கம். வீட்டுக்காரர் வேலைக்காக நைரோபி வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. அடுத்த வாரம் அம்மா அப்பா வர்றாங்க. மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு வண்டி பேசி முன்பணமும் கட்டியாச்சு. இப்போ ஒருத்தர், மஞ்சள் காய்ச்சல் ஊசி இல்லாம வந்தா ஏர்போர்ட்லயே தனியா வச்சிருவாங்கன்னு சொல்றார். தூக்கமே வரல. டிக்கெட்டை ரத்து பண்ணிடவா?

பார்க்லேண்ட்ஸ் அக்கா:
பயப்படாதேம்மா. முதல்ல ஸ்வெட்டர் எடுத்துட்டு வரச் சொல்லு. நைரோபி 1,700 மீட்டர் உயரத்துல இருக்கு. நான் கைக்குழந்தையோட வந்திறங்கினது ஜூலை மாசம், இங்க அப்போதான் குளிர். வீட்டுல ஹீட்டர் கிடையாது, இட்லி மாவு ரெண்டு நாளானாலும் பொங்காது. பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்லாம அழுதிருக்கேன். அவங்க வர்றதே உனக்குப் பெரிய பலம், ரத்து பண்ணாதே.

சவுத் சி தம்பி:
ஊசியெல்லாம் தேவையே இல்லக்கா. எங்க மாமனார் வந்தப்போ இங்க யாரும் கேக்கல.

மொம்பாசாக்காரர்:
தம்பி, அரைகுறையா சொல்லாதீங்க. கேக்கறது இங்க இல்ல, ஊருக்குத் திரும்பும்போது. கென்யாவிலிருந்து சான்றிதழ் இல்லாம இந்தியாவுல இறங்கினா 6 நாள் வரைக்கும் தனிமைப்படுத்தலாம்.

சவுத் சி தம்பி:
இருக்கலாம் அண்ணே. ஆனா இங்க நம்மளை விரட்டுறது காய்ச்சல் இல்ல, வீட்டு முன்பணம். என் பழைய வீட்டுக்காரர் சுவத்துல ஆணி அடிச்சதுக்கு முழுப் பணத்தையும் பிடிச்சுக்கிட்டார்.

பார்க்லேண்ட்ஸ் அக்கா:
எங்களுக்கும் அதே கதைதான். கரண்ட் வேற, சமைக்கிற நேரம் பார்த்துத்தான் போகும்.

லங்காட்டா அண்ணன்:
வீட்டு விஷயத்தைத் தனியாப் பேசுவோம், அந்தப் பொண்ணு தவிச்சுக்கிட்டு இருக்கு. தங்கச்சி, மூணு விஷயம் சொல்லலியே. அவங்க வயசு என்ன? எந்த வழியா வர்றாங்க? எப்போ திரும்புறாங்க?

ஊசி போட்ட பத்தாவது நாள்லேர்ந்துதான் சான்றிதழ் செல்லும். திரும்புறது அதுக்கு அப்புறம்னா, இப்போ போட்டாலும் போதும். ஆனா எத்தியோப்பியாவுல அடிஸ் அபாபா வழியா வந்தா, அங்கயும் இந்தக் காய்ச்சல் உண்டுங்கிறதால இங்கயும் கேக்கலாம். ஊசி கிண்டி கிங் நிலையத்துல போடறாங்க, முன்பதிவு வேணும்.

இ-டிஏ, அதான் ஆன்லைன் பயண அனுமதி, வாங்கியாச்சா? 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதிலா அதுதான். கிளம்பறதுக்கு முன்னாடியே கையில இருக்கணும்.

மாராவுக்கு ரோட்டுல அஞ்சாறு மணி நேரம் ஆகும், காப்பகத்துக்குள்ள மண் ரோடு, குலுங்கும். முதுகுவலி இருந்தா வில்சன் ஏர்போர்ட்லேர்ந்து சின்ன விமானம் இருக்கு, செலவு கூடுதல்தான். நைரோபியில மலேரியா பயம் குறைவு, மாராவுல உண்டு. மாத்திரையை ஊர்லயே டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிடணும். ஊறுகாயை பிளாஸ்டிக் கேரி பேக்ல போட்டுக் கொண்டுவர வேண்டாம்னு சொல்லுங்க, 2017லயே இங்க தடை.

திருச்சிப் பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணா. மும்பையிலேர்ந்து நேரா வர்றாங்க, மூணு வாரம் கழிச்சுத் திரும்புவாங்க. இ-டிஏ வந்தாச்சு. அப்பாவுக்கு 67, சர்க்கரை இருக்கு. நாளைக்கே கிண்டிக்கு அனுப்பிடவா?

லங்காட்டா அண்ணன்:
60க்கு மேல இந்த ஊசி சிலருக்கு ஒத்துக்காது. முதல்ல அவரோட டாக்டரைப் பார்க்கட்டும். வேண்டாம்னு சொன்னா எழுத்துல வாங்கிக்கிட்டு, அந்தக் கடிதம் திரும்பும்போது செல்லுமான்னு கிங் நிலையத்துலயே கேக்கச் சொல்லுங்க. அது தெரியறவரைக்கும் வண்டிக்காரர்கிட்ட தேதியைத் தள்ளி வைக்க முடியுமான்னு மட்டும் பேசுங்க, டிக்கெட்டைத் தொடாதீங்க.