வாசிகசாலைப் பத்திரிகையின் ஓரத்தில் எழுதப்பட்டவை: புதிய அரசாங்கமும் ஊடக விமர்சனமும் – அனுபவப் பகிர்வு

வலிகாமத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்:

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில் காலை ஏழு மணிக்கெல்லாம் பத்திரிகைகள் மேசைக்கு வந்துவிடும். 2024 டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒருநாள் நான் போனபோது, நாடாளுமன்றச் சபாநாயகர் அசோக ரன்வலவுக்குக் கலாநிதிப் பட்டம் உண்மையில் இருக்கிறதா என்று கேட்ட செய்தியின் ஓரத்தில் நீல மையால் “ஒரு மாதமாவது பொறுக்க மாட்டீர்களா?” என்று எழுதப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, வேறொரு கையெழுத்தில், பென்சிலால் “பட்டத்தைக் காட்டுவதற்கு எத்தனை மாதம் வேண்டும்?” என்று எழுதியிருந்தார்கள்.

நீல மைக்காரர் யாரென்று எனக்குத் தெரியும். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்; என்னிடம் படித்தவர். வாழ்நாள் முழுவதும் தமிழ்க் கட்சிகளுக்கே வாக்களித்துவந்த அவர், 2024 நவம்பர் 14 ஆம் திகதி முதன்முறையாகத் தேசிய மக்கள் சக்தியின் சின்னமான திசைகாட்டிக்குப் புள்ளடி போட்டார். அவரைப் போலப் பலர் போட்டதால்தான் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை அந்தக் கட்சி பெற்றது. நாடு முழுவதிலும் 225 இல் 159 ஆசனங்கள் கிடைத்து, அதுவே புதிய அரசாங்கத்தை அமைத்தது. “மாஸ்ரர், நான் யாருடைய சொல்லையும் கேளாமல் நானாக யோசித்துப் போட்ட ஒரே புள்ளடி இதுதான். அதைப் பேப்பர்காரன் ஒரு மாதத்துக்குள் கேலிக்கூத்தாக்கிவிட்டான்” என்று அவர் சொன்னபோது, அவருக்கு வலித்த இடம் எதுவென்று எனக்கு விளங்கிற்று. சபாநாயகரின் பட்டத்தைப் பற்றி அவருக்கு எந்தக் கவலையும் இருக்கவில்லை. தன் புள்ளடியையே யாரோ சிவப்பு மையால் பிழையென்று திருத்திவிட்டதாக அவர் உணர்ந்தார்.

டிசம்பர் 13 ஆம் திகதி சபாநாயகர் பதவி விலகினார். தெரிவாகி ஒரு மாதங்கூட நிறையவில்லை. மறுநாள் கடைக்காரர் அந்தச் செய்தியை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “கேட்டது சரிதான், கேட்ட விதம் சரியில்லை” என்றார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கு அன்று தெரியவில்லை. பிழையான ஒருவர் பதவியில் இருக்கிறாரா என்று கேட்பதற்குப் பணிவான விதம் ஒன்று இருக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பணிவோடு கேட்டிருந்தால் அவர் விலகியிருப்பாரா என்பது என் சந்தேகம். மற்றவர்களுக்கு இத்தகைய அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து, செய்தி மேசையில் வேலை செய்பவர்:

ஐயா, “கேட்ட விதம்” என்று உங்கள் கடைக்காரர் சொன்னதை நான் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் அந்த விதத்தைத் தீர்மானிக்கும் மேசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியோடு தொடுகையுற்றதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி கூறினார். அந்த ஒரு வசனம் கிடைத்ததும் எங்கள் மேசையில் இருந்த களிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முதற்பக்கத்தில் குரங்கு, கேலிச்சித்திரத்தில் குரங்கு, முகநூற் பக்கத்திலும் குரங்கு.

சொல்ல வேண்டிய செய்தி வேறிடத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மின் தேவை குறைவு. வெயில் காரணமாகக் கூரைகளிலிருந்து வந்த சூரிய மின்சாரமோ மிக அதிகம். அப்படிப்பட்ட வேளையில் ஓரிடத்தில் ஏற்படும் சிறு குழப்பத்தைக்கூடத் தாங்கும் வலு மின்கட்டமைப்புக்கு இருக்கவில்லை என்பதை மின்சார சபையே பின்னர் விளக்கியது. நுரைச்சோலை அனல் மின்நிலைய இயந்திரங்களும் நின்றுபோனதால் 10 ஆம், 11 ஆம் திகதிகளில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்தது. இந்தப் பலவீனம் புதிய அரசாங்கம் வந்த பிறகு பிறந்ததன்று. ஆயினும் அதைச் சரிசெய்ய என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள் என்று புதிய அமைச்சரைத்தான் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியை மொழிபெயர்த்து நான் கொடுத்த செய்தி ஐந்தாம் பக்கத்தில் ஒரு பத்தியாகச் சுருங்கியது.

மறுநாள் தொலைபேசியில் வந்த ஏச்சுகள் எல்லாவற்றையும் நான்தான் கேட்டேன். “பழைய கள்ளர் ஆண்டபோது உங்கள் பேனாவுக்கு மை இருக்கவில்லையா?” என்று பலர் கேட்டார்கள். கோத்தாபய ராஜபக்ஷ காலத்தில் நாங்கள் எழுதியவற்றின் பட்டியலைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அன்றைய முதற்பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்வதற்கு மனம் வரவில்லை. கேலி செய்யும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. கேலியோடு வேலை முடிந்துவிட்டதாக நாங்கள் எண்ணியதால், தப்பித்துக்கொண்டவர் அமைச்சர்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊடக உரிமையாளர்களுக்குத் தத்தம் வியாபாரக் கணக்குகள் உண்டு என்று அரசாங்கத்தின் ஆதரவாளர்கள் சொல்வது முழுப் பொய்யன்று. அதற்கு மாற்றாக அரச ஊடகத்தை நம்புங்கள் என்று சொல்வதுதான் வேடிக்கை. 1973 இல் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் அரசின் கைக்குப் போனதிலிருந்து, ஆட்சி மாறும்போதெல்லாம் அங்கே தலைவரும் மாறுகிறார், தலைப்புகளின் தொனியும் மாறுகிறது. இதில் எந்தக் கட்சியும் விதிவிலக்கன்று.

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து:

எங்கள் அனுபவம் சிறியது. 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,700 ரூபாவாக்குவதாகச் சொன்னார்கள். மாதங்கள் கடந்தும் 1,350 ரூபாதான் கையில் கிடைத்தது. அதைக் கேட்டு வந்த தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவரிடம் என் மதினி பேசினார். அன்று மாலையே நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) இரண்டு இளைஞர்கள் வந்து, “அக்கா, நம்ம அரசாங்கத்தைப் பற்றி அவர்களிடம் ஏன் சொன்னீர்கள்?” என்று கேட்டார்கள். மிரட்டவில்லை, உண்மையாகவே மனவருத்தத்தோடு கேட்டார்கள். “நம்ம அரசாங்கம் என்பதால்தானே தம்பி கேட்கிறேன், தொரையிடமா போய்க் கேட்பது?” என்று மதினி சொன்னார். அவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து, முன்னாள் பிராந்தியச் செய்தியாளர்:

முந்திய பதிவுகளை வாசித்தபோது எனக்கு ஒரு பக்கம் ஆறுதலாக இருந்தது. ஓரத்தில் பேனாக் குறிப்பு, தொலைபேசியில் ஏச்சு, தேநீரோடு ஒரு மனவருத்தம் என்ற அளவில் இந்த விவாதம் நடப்பதே எங்கள் தலைமுறைக்குப் புதிது. 2000 ஒக்டோபர் 19 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணச் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் தம் வீட்டில், எழுதிக்கொண்டிருந்த மேசையிலேயே சுடப்பட்டார். 2006 மே 2 ஆம் திகதி உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்தபோது ஊழியர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். இடையில் 2005 இல் ஊடகவியலாளர் சிவராம் கொல்லப்பட்டார்; தெற்கில் 2009 ஜனவரி 8 ஆம் திகதி பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க. அந்நாட்களில் செய்தியில் ஒரு பெயரைச் சேர்ப்பதா விடுவதா என்று யோசிக்கும்போது, வீட்டு வாசல் விளக்கை அணைத்துவிட்டு யோசித்தவன் நான்.

அதனாலேயே, புதிய அரசாங்கத்துக்கு “அவகாசம் கொடுங்கள்” என்று அதன் ஆதரவாளர்கள் கேட்கும் சொல் என் காதில் வேறு விதமாக விழுகிறது. லசந்த வழக்கில் சந்தேகநபர்கள் மூவருக்கு எதிராக மேலும் நடவடிக்கை வேண்டியதில்லை என்று 2025 ஜனவரி இறுதியில் சட்டமா அதிபர் எழுதிய கடிதம் வெளிவந்தபோது, அரசாங்கத்துக்கு அவகாசம் கொடுத்து எல்லோரும் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே நடந்து முடிந்திருக்கும். அவருடைய மகளும் ஊடகவியலாளர்களும் எழுப்பிய கண்டனத்துக்குப் பிறகே அது நிறுத்திவைக்கப்பட்டது. வீதியமைக்கவும் கடன் தீர்க்கவும் அவகாசம் கேட்கட்டும், கொடுக்கலாம். கொலைக் கோப்புகளுக்கு நாங்கள் கொடுத்த அவகாசம் ஏற்கெனவே இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

மீண்டும் வலிகாமத்திலிருந்து:

வெள்ளவத்தைத் தம்பி எழுதியதைக் கடைக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். “இந்த மனுஷன் நேர்மையானவர்” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

பத்திரிகை ஓரங்களில் எழுதக் கூடாது என்று எங்கள் நிலைய நிர்வாகம் அந்த டிசம்பரிலேயே முடிவெடுத்து, மேசைக்கு மேலே ஓர் ஆணியில் நாற்பது தாள் கொப்பி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டது. அதன் முதற்பக்கத்தில் முதல் ஆளாக எழுதியவர் கடைக்காரர்தான். அதே நீல மை: “வெள்ளைப் பச்சையரிசி கிலோ 220 ரூபாவுக்கு விற்க வேண்டும் என்று வர்த்தமானி வந்துவிட்டது. எனக்கு மூடை வந்து இறங்கும் விலையே அதைவிட அதிகம். ஆலைக்காரரைப் பிடிக்காமல் என்னைப் போன்ற சின்னக் கடைக்காரரைப் பிடித்தால் ஆயிற்றா? இதை எழுதுவதற்கு ஒரு பேப்பரும் இல்லையா?”