பூட்டு அறுந்து கிடந்த ராத்திரி

குடோன் ஒன்றில் நைட் டூட்டி பார்த்த காலத்தில் நடந்தது. ரவுண்ட்ஸ் போனபோது பின்பக்க ஷட்டரின் பூட்டு அறுந்து கிடந்தது. கூட இருந்த பையன் உள்ளே ஓடப் பார்த்தான். கையைப் பிடித்து நிறுத்தினேன். உள்ளே எத்தனை பேரோ, கையில் என்னவோ! பெரும்பாலான நாடுகளில் செக்யூரிட்டிக்குச் சட்டம் தரும் அதிகாரம் சாதாரண குடிமகனுக்கு உள்ளதுதான். யூனிஃபார்ம் போட்டதும் சிலருக்கு இது மறந்துவிடுகிறது. போலீஸுக்குப் போன் போட்டுவிட்டு, ஆளுக்கொரு வாசலாகத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டோம்.

போலீஸ் வந்து பார்த்தால் உள்ளே யாருமில்லை. அதிகாரி முதலில் கேட்டது, “பூட்டை யார் தொட்டது?” யாரும் தொடவில்லை என்றேன். கைரேகை எடுப்பவர்கள் வரும்வரை எவரையும் விடாதே என்று சொல்லிவிட்டார். திருடனைத் தடுப்பதுகூடச் சுலபம். என்ன காணாமல் போனது என்று பார்க்கத் துடித்த மேனேஜரை வெளியே நிறுத்தியதுதான் பெரும்பாடு.

அப்புறம் சிசிடிவி. கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் எங்கள் டிவிஆர் பெட்டியின் கடிகாரம் பதினோரு நிமிடம் வேகமாக ஓடியது. போனில் இருந்த நேரத்தோடு ஒப்பிட்டு அந்த வித்தியாசத்தை ரெஜிஸ்டரில் எழுதிக் காட்டினேன். அதை வைத்துத்தான் தெருமுனை கேமராவில் பதிவான வேனை எங்கள் காட்சியோடு பொருத்தினார்கள். முந்தைய வாரப் பதிவையும் கேட்டார்கள். ஹார்டு டிஸ்க் நிறைந்தால் பழையது தானாக அழிந்துவிடும் என்பதால் அன்றைக்கே நகல் எடுத்துக் கொடுத்தோம். அதில் அதே வேன் இரண்டு தடவை மெதுவாகச் சுற்றிப் போயிருந்தது. நோட்டம் பார்க்க வந்திருக்கிறார்கள்!

அமெரிக்காவில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்த வாட்டர்கேட் விவகாரமே ஒரு செக்யூரிட்டியின் ரவுண்ட்ஸில் வெளிப்பட்டதுதான். 1972 ஜூன் 17 அதிகாலை, பூட்டு விழாதபடி கதவில் ஒட்டியிருந்த டேப்பை அந்தக் கட்டடத்தின் செக்யூரிட்டி ஃபிராங்க் வில்ஸ் பிரித்துப் போட்டார். திரும்ப வந்தபோது மறுபடியும் ஒட்டியிருந்தது. உடனே போலீஸைக் கூப்பிட்டார். ஐந்து பேர் பிடிபட்டார்கள். அந்த விவகாரம் வளர்ந்து 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சனே பதவி விலகினார். இத்தனைக்கும் வில்ஸ் செய்தது, ஒரே கதவை இரண்டாம் முறையும் பார்த்தது.

எங்கள் வழக்கில் நான் சாட்சி சொல்லப் போனேன். வக்கீல் கேட்டதில் பாதி ரெஜிஸ்டரைப் பற்றித்தான்: எப்போது எழுதினாய், இந்த வரியை ஏன் அடித்தாய், பக்கத்தில் கையெழுத்து யாருடையது? அடித்த இடத்தில் என் கையெழுத்தும் நேரமும் இருந்ததால் சரியாகப் போயிற்று. ஆனால் கோர்ட்டுக்குப் போன நாளுக்கு நிறுவனம் சம்பளத்தைப் பிடித்துவிட்டது. உங்கள் இடத்திலும் இப்படித்தானா?